ஆடி மாதத்திலும் வரும் வாடகை

சென்ற ஆவணியில் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு, எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் படமெடுத்த ஒரு கல்யாண வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. மணப்பெண்ணின் அப்பாயி அன்று காலையில் காலமாகிவிட்டாராம். மாலை போட்டு வைக்க வீட்டில் நல்ல படம் ஒன்றுமில்லை, கல்யாணத்தில் நலங்கு வைத்தபோது எடுத்த படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கித் தர முடியுமா தம்பி என்று கேட்டார்கள். படம் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. பச்சை ஷாமியானாத் துணி வழியாக வந்த வெளிச்சம் அந்த அம்மாவின் முகத்தில் பாசி படிந்தது போல் விழுந்திருந்ததும், அதை எடுத்துவிட்டுத் தோலின் நிறத்தை மீட்க நான் அரை மணி நேரம் போராடியதும் நினைவிருந்தன.

ஹார்ட் டிஸ்கை மாட்டிப் பழைய மென்பொருளைத் திறந்தேன். படம் தெரிந்தது, ஆனால் திருத்தும் பட்டைகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் உறைந்து கிடந்தன. ஆறு மாதங்களுக்கு முன்புதான் அதற்கான சந்தாவை நிறுத்திவிட்டு, வேறொரு மென்பொருளை விலைக்கு வாங்கியிருந்தேன். அந்தப் புதிய மென்பொருளில் கேமரா பதிவு செய்த அதே மூலக் கோப்பை, அதாவது ரா கோப்பைத் திறந்தால், அப்பாயியின் முகம் மறுபடியும் பச்சையாக இருந்தது.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. ரா கோப்பைத் திருத்தும் மென்பொருள் எதுவும் மூலக் கோப்பைத் தொடுவதில்லை. வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, பச்சையை இவ்வளவு குறை, இந்த இடத்தில் வெட்டு என்று நாம் சொல்வதையெல்லாம் தனியாக ஒரு சிட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதன்படி படத்தைப் புதிதாகக் கணக்கிட்டுக் காட்டுகிறது. அந்தச் சிட்டையை எழுதிய கணக்குப்பிள்ளைக்குத்தான் அது முழுமையாகப் புரியும். இன்னொரு மென்பொருள் அதில் வெட்டிய அளவையும் நட்சத்திரக் குறியையும் படித்துக்கொண்டால் பெரிது. நிறமும் நிழலும் அப்படியே வந்து சேர்வதில்லை. ஆகவே, வாங்குவதா சந்தா கட்டுவதா என்று என்னைக் கேட்கிறவர்களிடம் நான் முதலில் விலையைப் பற்றிப் பேசுவதில்லை. பணம் கட்டுவதை நிறுத்தும் நாளில் உங்கள் பழைய வேலை உங்கள் கையில் எந்த நிலையில் இருக்கும் என்றுதான் கேட்கிறேன்.

விலையை மட்டும் பார்த்தால் சந்தாவின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 2012இல் விலைக்கு வந்த போட்டோஷாப் சிஎஸ்6 அமெரிக்காவில் 699 டாலர். அடுத்த ஆண்டு மே மாதத்தில், இனிப் புதிய பதிப்புகள் சந்தாவில் மட்டுமே வரும் என்று அதன் நிறுவனமான அடோபி அறிவித்தது. பிறகு போட்டோஷாப்பையும், ரா கோப்புகளைத் திருத்தும் லைட்ரூமையும் சேர்த்துப் புகைப்படக்காரர்களுக்கென்று மாதம் 9.99 டாலரில் ஒரு திட்டம் வந்தது. அந்த வாடகை 699 டாலரைத் தொடுவதற்கு 70 மாதங்கள், அதாவது ஆறு ஆண்டுகளுக்கு இரண்டே மாதம் குறைவு. ஆனால், லைட்ரூம் மட்டும் போதும் என்றிருந்தவரின் கணக்கு வேறு. 2015இல் விலைக்கு வந்த லைட்ரூம் 6இன் விலை 149 டாலர்தான். அவருக்குப் பதினைந்தே மாதங்களில் வாடகை விலையை எட்டிவிடும். ஒரே திட்டம் ஒருவருக்குச் சலுகையாகவும் இன்னொருவருக்குச் சுமையாகவும் இருந்ததால்தான், இதைப் பற்றிய சண்டையில் இரு தரப்பாரும் தங்கள் கணக்கே சரி என்று இன்றுவரை நிற்கிறார்கள். அந்த 9.99 டாலர் திட்டமும், 2025 ஜனவரிக்குப் பிறகு புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கிடையாது. வாடகையை ஏற்றும் உரிமை வீட்டுக்காரரிடம் இருக்கிறது.

(கிராக் செய்த பதிப்பை வைத்துக்கொண்டு இரண்டு கணக்கையும் பார்க்காமல் இருப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். முகூர்த்த நாளுக்கு முந்தைய இரவில் கணினிக்குள் வைரஸ் புகுந்து ஒரு கல்யாணத்தின் கோப்புகள் பாதி போனதோடு அந்தப் பழக்கம் என்னை விட்டது.)

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்யாணப் புகைப்படக்காரனுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் எங்களுக்குத் தூங்க நேரமிருக்காது; ஆடியிலும் மார்கழியிலும் கேமரா பையை விட்டு வெளியே வராது. சந்தாவுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. வருமானமே இல்லாத ஆடியில், நாளை உங்கள் அட்டையிலிருந்து இவ்வளவு தொகை எடுக்கப்படும் என்று 24 மணி நேரத்துக்கு முன்பே ரிசர்வ் வங்கி விதிப்படி செய்தி வந்து நிற்கும். ஆடியில் நிறுத்தி வைத்துவிட்டு ஆவணியில் தொடரலாமே என்பீர்கள். குறைந்த விலையில் காட்டப்படுவது பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம். மாதாமாதம் கட்டுவது தவணை மட்டுமே. நடுவில் விலகினால் மிச்சத் தொகையில் பாதியைக் கட்டணமாகக் கேட்கும் இந்த முறையைச் சரியாக வெளிப்படுத்தவில்லை என்றுதான், 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மீது வழக்குத் தொடுத்தது. சேரும்போது அந்தச் சிறிய எழுத்துகளைப் படித்துவிடுங்கள்.

இத்தனையும் சொல்வதால், விலைக்கு வாங்கினால் காலமெல்லாம் நிம்மதி என்று நினைத்துவிட வேண்டாம். லைட்ரூம் 6 வாங்கியவர்களுக்கு 2017 டிசம்பரில் கடைசி மேம்பாடு வந்தது. அதற்குப் பின் வந்த கேமராக்களின் ரா கோப்புகளை அது திறக்காது. கேனான் 2018இல் சிஆர்3 என்ற புதிய கோப்பு வகைக்கு மாறியபோது, ஒவ்வொரு படத்தையும் இலவச மாற்றியில் போட்டு, டிஎன்ஜி என்ற பொதுவான ரா வகையாக்கித்தான் உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் படம் எடுப்பவனுக்கு அது ஒரு ராத்திரி வேலை. அதே ஆண்டு இறுதியில் லைட்ரூம் 6இல் படமெடுத்த இடத்தைக் காட்டும் வரைபடப் பகுதியும் செயலிழந்தது. வாங்கிய மென்பொருள் நின்ற இடத்திலேயே நிற்கும். கேமராவும் விண்டோஸும் மேக்கும் நடந்துகொண்டே இருக்கும். ஆகவே நிரந்தர உரிமம் என்பதை, கேமராவை மாற்றாத வரைக்கும் என்றே நான் பொருள் கொள்கிறேன். ரா கோப்பைத் திருத்தும் இன்னொரு மென்பொருளான கேப்சர் ஒன்னின் நிறுவனமோ 2023 பிப்ரவரியில், விலைக்கு வாங்குகிறவர்களுக்கு இனிப் பிழைதிருத்தங்கள் மட்டுமே, புதிய வசதிகள் சேரா என்று விதியை மாற்றிக்கொண்டது. சந்தாவே கிடையாது என்று பெயர் வாங்கிய அஃபினிட்டி என்ற படத்திருத்த மென்பொருளை 2024இல் கான்வா என்ற டிசைன் நிறுவனம் வாங்கிவிட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அதை இலவசமாகவே ஆக்கிச் செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் கட்டணச் சந்தா கேட்கிறார்கள். இலவசத்தைக் கண்டால் எனக்குச் சந்தாவைவிட அதிக பயம், ஆனாலும் நிறுவி வைத்திருக்கிறேன்.

டார்க்டேபிள், கிம்ப் போன்ற இலவசத் திறந்தமூல மென்பொருள்கள் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாததால் யாராலும் பூட்டப்படாதவை. பொழுதுபோக்காகப் படமெடுக்கிறவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம். பழகுவதற்கு மட்டும் பொறுமை வேண்டும். மாதம் தவறாமல் வேலை வருகிற, ஆல்பம் டிசைனும் செய்கிற ஸ்டூடியோக்காரர்கள் சந்தா கட்டுவதில் தவறே இல்லை. அவர்களுக்கு அது கடை வாடகை, மின்கட்டணம் போல ஒரு செலவு. ஆல்பம் அச்சகம் கேட்பதும் பிஎஸ்டி என்ற போட்டோஷாப் கோப்பாகத்தான் இருக்கும். நான் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன். ரா கோப்புக்கு விலைக்கு வாங்கிய மென்பொருள்; ஆல்பத்துக்கு, சந்தா வைத்திருக்கும் டிசைனரிடம் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுகிறேன்.

அன்றிரவு நான் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. பழைய மென்பொருளில் திறந்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதியதில் பச்சையை முதலிலிருந்து எடுத்தேன். பதினொன்றரை மணிக்குப் பேரன் வண்டியில் வந்து படத்தை வாங்கிப் போனார். பழைய நிறம் முழுதாக வரவில்லை, கன்னத்தில் லேசாக ஒரு சாயல் நின்றுவிட்டது. அந்தக் கல்யாணத்தில் இன்னும் ஆயிரத்து எழுநூறு படங்கள் இருக்கின்றன. அதனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும், திருத்திய படங்கள் அனைத்தையும் முழு அளவில் ஜேபெக்காகவும், குடும்பப் பெரியவர்கள் இருக்கும் படங்களை மட்டும் நிற விவரத்தை அதிகம் தாங்கும் 16 பிட் டிஃப் கோப்பாகவும் வெளியே எடுத்துத் தனி ஹார்ட் டிஸ்கில் போட்டுவிடுகிறேன்.