மென்பொருளுக்குக் காப்புரிமை வேண்டும்: திட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்

மென்பொருளுக்குக் காப்புரிமை (பேட்டன்ட்: ஒரு கண்டுபிடிப்பை மற்றவர் அனுமதியில்லாமல் பயன்படுத்தத் தடை போடும் உரிமை) கூடவே கூடாது என்பது நம் துறையில் ஏறக்குறைய மத நம்பிக்கை. கருத்தரங்கில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். மறுத்துப் பேசினால், இவன் எந்தக் கம்பெனியின் ஆள் என்று விசாரிப்பார்கள். பெரியவர்கள் சின்னவர்களை நசுக்கக் கண்டுபிடித்த ஆயுதம்தான் காப்புரிமை என்பது இந்த மதத்தின் மூல மந்திரம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காப்புரிமையே இல்லாத மென்பொருள் சந்தையில் முதல் பலி சின்னவன்தான் என்பது என் கட்சி. அதிலும், இன்னொருவருக்குச் சொந்தமான தளத்தின் (கணினி, இயங்குதளம் போன்றவை) மீது தொழில் நடத்தும் சின்னவன்.

அமெரிக்காவில் முதல் மென்பொருள் காப்புரிமையை வாங்கியது யார் என்று கேட்டால் பலரும் ஐபிஎம் என்றோ மைக்ரோசாஃப்ட் என்றோ ஊகிப்பார்கள். வாங்கியவர் மார்ட்டின் கோட்ஸ். அப்ளைட் டேட்டா ரிசர்ச் என்ற சிறிய நிறுவனத்தைச் சேர்ந்தவர். தரவுகளை வரிசைப்படுத்தும் முறை ஒன்றுக்கு 1965இல் விண்ணப்பித்து 1968 ஏப்ரலில் பெற்றார். அவர் ஏன் அதற்குப் போராடினார் என்பதுதான் முக்கியம். அந்தக் காலத்தில் ஐபிஎம் கணினியை விற்கும்போது மென்பொருளை இலவசமாகவே கூடச் சேர்த்துக் கொடுத்தது. கோட்ஸின் நிறுவனம் ஆட்டோஃப்ளோ என்று, நிரலின் போக்கைப் படமாக வரைந்து காட்டும் ஒரு நிரலை விலை வைத்து விற்றது. ஐபிஎம்மிடம் அதே வேலைக்கு ஓர் இலவச நிரல் இருந்தது. கடைக்காரர் சும்மா கொடுக்கும்போது காசு கொடுத்து வாங்க யார் வருவார்? 1969இல் அந்தச் சிறிய நிறுவனம் ஐபிஎம் மீது ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு ஜூனில் ஐபிஎம் மென்பொருளுக்குத் தனி விலை வைப்பதாக அறிவித்தது. இன்று நாம் மென்பொருள் தொழில் என்று சொல்கிற ஒன்று பிறந்ததில் அந்த அறிவிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்போது மென்பொருள் காப்புரிமையை எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? வன்பொருள் ஜாம்பவான்கள். 1966இல் அமெரிக்க அதிபர் அமைத்த குழு மென்பொருளுக்குக் காப்புரிமை கூடாது என்று பரிந்துரைத்தது. ஐபிஎம்மின் துணைத் தலைவர் ஒருவரும் அந்தக் குழுவில் உறுப்பினர். 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், மென்பொருளுக்குக் காப்புரிமை கிடைக்குமா என்ற பென்சன் வழக்கு நடந்தபோதும் ஐபிஎம் எதிர்ப்பாளர்கள் பக்கம்தான் நின்றது. மென்பொருள் அவர்களுக்கு இரும்பை விற்பதற்கான இனாம். இனாமுக்கு எவனாவது உரிமை கொண்டாடினால் கோபம் வராதா?

இப்போது அப்படியே 2014க்கு வாருங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஆலிஸ் வழக்கு. மென்பொருள் காப்புரிமைகளின் கழுத்தில் கத்தி வைத்த தீர்ப்பு அது. நீதிபதிகள் 9 பேரும் ஒருமனதாகக் கொடுத்தார்கள். அந்த வழக்கில் ஐபிஎம், மென்பொருளுக்குக் காப்புரிமை தொடர வேண்டும் என்று மனு போட்டது. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவிலேயே ஆண்டுதோறும் அதிகக் காப்புரிமை வாங்கும் கம்பெனியாக அது மாறியிருந்தது. எதிர்ப்பக்கத்தில் கூட்டாக மனு போட்டவர்களில் கூகுள், அமேசான், ஃபேஸ்புக், நெட்ஃபிளிக்ஸ். அமேசானா என்று வாயைப் பிளக்காதீர்கள். ஒரே சொடுக்கில் பொருள் வாங்கும் முறைக்கு 1999இல் காப்புரிமை வாங்கி, அடுத்த மாதமே பார்ன்ஸ் அண்ட் நோபிள் மீது வழக்குப் போட்ட அதே அமேசான்தான்.

கூகுளின் கதை இன்னும் ருசியானது. அதன் தேடுபொறியின் இதயமான, இணையப் பக்கங்களைத் தரவரிசைப்படுத்தும் பேஜ்ரேங்க் முறைக்கு 1998 ஜனவரியில் விண்ணப்பித்தார்கள். 2001இல் காப்புரிமை கிடைத்தது. உரிமையாளர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். அதைப் பயன்படுத்தும் தனி உரிமத்தைக் கூகுள் வாங்கி, பதிலுக்கு 18 லட்சம் பங்குகளைக் கொடுத்தது. 2005இல் பல்கலைக்கழகம் அந்தப் பங்குகளை விற்றபோது கிடைத்தது 33.6 கோடி டாலர். யாஹூவும் மைக்ரோசாஃப்டும் எதிரே நின்ற காலத்தில், கையில் காசில்லாத கூகுளுக்கு அந்தக் காகிதம் தேவைப்பட்டது. ஏறி முடித்த பிறகு ஏணி ஆபத்தானது என்று அறிவுரை சொல்கிறார்கள். அதை நம் ஊர் நண்பர்கள் புரட்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். தங்களிடம் இருப்பது தளம் என்றால் காப்புரிமையை எதிர்ப்பார்கள். தளத்தின் மீது நிற்க வேண்டியவர்கள் என்றால் ஆதரிப்பார்கள். அரை நூற்றாண்டாக நடப்பது இதுதான்.

சின்னவனுக்குக் காப்புரிமை உதவியதாக ஒரு வழக்கையாவது காட்டு என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் எடுத்துவைப்பது ஸ்டாக் எலக்ட்ரானிக்ஸின் வழக்கு. கலிஃபோர்னியாவில் ஒரு சின்னக் கம்பெனி. ஸ்டாக்கர் என்ற நிரலை விற்றார்கள். ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் சுருக்கி, ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் பண்ணிக்கொடுக்கும். 40 எம்பி டிஸ்க்கை வைத்துக்கொண்டு எதை அழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று தவித்த தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். மைக்ரோசாஃப்ட் அதைத் தன் இயங்குதளமான டாஸுக்குள் சேர்க்க ஆசைப்பட்டது; பேச்சு நடத்தியது; ஸ்டாக்கின் நிரலை ஆராய்ந்தும் பார்த்தது. ஆனால் உரிமத்தொகை விஷயத்தில் பேச்சு முறிந்தது. 1993 மார்ச்சில் வெளிவந்த டாஸ் 6க்குள் டபுள்ஸ்பேஸ் என்ற பெயரில் அதே வேலையைச் செய்யும் நிரல் உட்கார்ந்திருந்தது. தனி விலை இல்லை.

அந்த நிலையில் ஸ்டாக்கிடம் வேறு என்ன இருந்தது? விலையைக் குறைக்கலாமா? எதிராளி சும்மா கொடுக்கிறான். பதிப்புரிமை (காப்பிரைட்) என்று போகலாமா? நிரலின் வரிகளை அப்படியே எடுத்தால்தான் அது பேசும். இன்னும் நல்ல நிரல் எழுதலாமா? எழுதினாலும், டாஸின் அடுத்த பதிப்பு எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பதே எதிராளிதான். மிஞ்சியது காப்புரிமை ஒன்று. 1994 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஜூரி 12 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. மைக்ரோசாஃப்ட் அந்த வசதியைப் பிடுங்கி எறிந்துவிட்டு டாஸ் 6.21 என்று ஒரு பதிப்பை வெளியிட நேர்ந்தது. உலகத்தின் மிகப் பெரிய மென்பொருள் கம்பெனி, ஒரு சின்னக் கம்பெனிக்காகத் தன் பொருளில் ஓட்டை போட்டு விற்றது. ஜூன் மாதத்தில் சமரசம்: 4.3 கோடி டாலர் உரிமத்தொகை, அதோடு 3.99 கோடி டாலர் பங்கு முதலீடு.

ஸ்டாக் ஒன்றும் உத்தமனில்லை. மைக்ரோசாஃப்ட் வெளியே சொல்லாத ஒரு வசதியைப் பயன்படுத்தியதற்காக ஸ்டாக்கும் மைக்ரோசாஃப்டுக்கு 1.36 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது அதே ஜூரி. ஆனால் பேச்சு மேசையில் அவர்களைச் சமமாக உட்கார வைத்தது எது என்பதில் சந்தேகமே இல்லை. இதோடு 2002இல் ஆப்பிள் செய்ததை ஒப்பிடுங்கள். வாட்சன் என்று ஒரு சின்னக் கம்பெனியின் நிரல்; அதன் வேலையையே செய்யும் ஷெர்லாக் 3ஐ ஆப்பிள் தன் இயங்குதளத்தோடு சேர்த்துக் கொடுத்தது. வாட்சனுக்கு அனுதாபம் கிடைத்தது. அனுதாபத்தை வங்கியில் போட முடியாது.

என் கட்சிக்கு எதிராக வலுவான சாட்சி ஒன்று உண்டு. 1979இல் வந்த விசிகால்க், தனிநபர் கணினிக்கான முதல் விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) நிரல். டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை; அன்றைய சட்ட நிலையில் கிடைப்பது கஷ்டம் என்பது அவர்களுக்குக் கிடைத்த ஆலோசனை. 1983இல் லோட்டஸ் 1-2-3 என்ற இன்னொரு விரிதாள் வந்து சந்தையை அள்ளிக்கொண்டது. பிரிக்ளினே இதற்காகப் புலம்பியதில்லை. மென்பொருள் காப்புரிமையை எதிர்த்தும் பேசியிருக்கிறார். மரியாதைக்குரிய மனிதர். ஆனால் கவனியுங்கள், லோட்டஸும் முந்தைய ஆண்டு தொடங்கிய புதுக் கம்பெனிதான். இருவருக்கும் சம மைதானம், நல்ல நிரல் வென்றது. விசிகால்க் ஓடிய இயந்திரத்தின் சொந்தக்காரரே ஒரு விரிதாளை இலவசமாகக் கொடுத்திருந்தால் இந்தக் கதையை இவ்வளவு நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருப்போமா?

அடுத்தது கணித வாதம். "நிரல் என்பது கணிதம், கணிதத்துக்கு உரிமையாளர் கிடையாது." கேட்க நன்றாக இருக்கிறது. 1978இல் ஃப்ளூக் வழக்கில், எண்ணெய் ஆலையின் அபாய அளவைக் கணக்கிட்டுத் திருத்தும் நிரலுக்குக் காப்புரிமை இல்லை என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். மூன்றே ஆண்டுகள் கழித்து டீயர் வழக்கில், ரப்பர் அச்சுக்குள் வெப்பத்தை அளந்துகொண்டே, எப்போது அச்சைத் திறக்க வேண்டும் என்று கணக்கிடும் முறைக்குக் கொடுக்கலாம் என்றது. அதுவும் ஐந்துக்கு நான்கு. இரண்டிலும் கணிதம் இருக்கிறது, இரண்டிலும் கணினி இருக்கிறது. அதே கணக்கை ஒரு மின்சுற்றுக்குள் பதித்துவிட்டால் யாரும் தகராறு செய்வதில்லை. பொறியியலில் கணிதம் இல்லாத மூலை எது? பாலம் கட்டுவதும் கணிதம்தான்.

சரி, மிரட்டிப் பிழைப்பவர்கள்? பொருள் எதுவும் செய்யாமல் காப்புரிமைகளை வாங்கி வைத்துக்கொண்டு நோட்டீஸ் அனுப்புவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள். இருக்கிறார்கள், மறுக்கவில்லை. பிளாக்பெர்ரி கம்பெனி 2006இல் என்டிபி என்ற காப்புரிமை நிறுவனத்துக்கு 61.25 கோடி டாலர் அழுதது. தாளை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பும் சிறு அலுவலகங்களுக்கெல்லாம், ஊழியர் ஒருவருக்கு இவ்வளவு என்று கேட்டுக் கடிதம் அனுப்பிய கூட்டமும் உண்டு. ஆனால் இவர்களுக்குச் சோறு போடுவது அமெரிக்க வழக்குச் செலவு. வென்றாலும் பல லட்சம் டாலர் போய்விடும் என்ற பயத்தில்தான் கேட்டதைக் கொடுத்துவிட்டுத் தலை முழுகுகிறார்கள். தோற்றவன் செலவைக் கட்டட்டும் என்று சட்டம் போட்டால் இந்தக் கூட்டத்தில் பாதி கலைந்துவிடும்.

கட்டற்ற மென்பொருள் (யாரும் பார்த்து, மாற்றி, பகிரலாம் என்ற வகை) நண்பர்கள் இந்த இடத்தில் கோபமாக எழுவார்கள். அவர்களிடம் ஒன்று மட்டும். அப்படிப்பட்ட இயங்குதளமான லினக்ஸைக் காப்புரிமை வழக்குகளிலிருந்து காக்க 2005இல் ஐபிஎம், ரெட் ஹாட், நாவெல், சோனி, பிலிப்ஸ் சேர்ந்து ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க் என்று ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். அதன் கையில் இருக்கும் ஆயுதம் என்ன? காப்புரிமைகளின் குவியல்.

இனி நம் நாடு. காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(கே) கணினி நிரல் 'அதனளவில்', அதாவது வெறும் நிரலாக மட்டும், கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. 2004 இறுதியில் அவசரச் சட்டம் மூலம் இதைத் தளர்த்தப் பார்த்தார்கள். 2005இல் நாடாளுமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. நம் சிறு நிறுவனங்கள் காப்பாற்றப்பட்டன என்று அன்று ஒரே கொண்டாட்டம். நடந்தது என்ன? அந்த 'அதனளவில்' என்ற ஒரு சொல்லின் இடுக்கு வழியாகப் பன்னாட்டுக் கம்பெனிகள் வரிசையாக உள்ளே போகின்றன. விண்ணப்பத்தில் செயலி, நினைவகம், தொழில்நுட்ப விளைவு என்று எழுதத் தெரிந்த வழக்கறிஞர் இருந்தால் சென்னை கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்திலும் வேலை நடக்கும். ஃபெரித் அல்லானி என்பவர் 2002இல் போட்ட விண்ணப்பத்துக்கு, தொழில்நுட்ப விளைவு இருந்தால் பரிசீலிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது 2019 டிசம்பரில். காப்புரிமையின் மொத்த ஆயுளே 20 ஆண்டுகள். இத்தனை காலம் காத்திருந்து வழக்காட எந்தச் சிறு நிறுவனத்துக்கு மூச்சு இருக்கிறது?

கோவைப் பக்கம் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். நூற்பாலைகளுக்கு நிரல் எழுதுபவர். எந்த ஸ்பின்னிங் மெஷினை எப்போது ஓடவிட்டால் ஆலையின் மின்சாரத் தேவை ஒப்பந்த அளவைத் தாண்டாது என்று கணக்கிட்டு, வரிசை போட்டுக் கொடுக்கும். ஆலைக்காரர்களுக்கு அபராதம் மிச்சம். ஒரு பெரிய நிறுவனம் கூப்பிட்டு டெமோ கேட்டது. உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று எழுதித் தரச் சொன்னது. இவரும் படம் போட்டு விளக்கிக் கொடுத்தார். பிறகு அங்கிருந்து பதிலே இல்லை. அடுத்த ஆண்டு அவர்களுடைய மென்பொருளில் அதே வசதி வந்தது, எச்சரிக்கை மின்னும் மூலைகூட மாறாமல். வழக்கறிஞர் கேட்டார்: உங்கள் நிரலின் வரிகளை எடுத்தார்களா? இல்லை. ரகசிய ஒப்பந்தம் போட்டீர்களா? இல்லை. காப்புரிமைக்கு விண்ணப்பித்தீர்களா? "நம் நாட்டில் மென்பொருளுக்குத்தான் கிடையாதே" என்றார் நண்பர். அப்படித்தான் எல்லோரும் அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். பெரிய நிறுவனங்களில் யாரும் அதை நம்பி விண்ணப்பிக்காமல் இருப்பதில்லை. சிறு நிறுவனத்துக்கு விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான், பெரியவர்களுக்கு 8,000.

நான் கேட்பது இன்றைய சட்டத்தை அப்படியே தூக்கிப் பிடிப்பது இல்லை. மென்பொருளுக்கு 20 ஆண்டுகள் அநியாயம். ஏழு ஆண்டுகள் தாராளம். விண்ணப்பங்களைச் சோதிக்கும் தேர்வாளர்கள் இன்னும் கறாராக இருக்க வேண்டும். ஒரே சொடுக்குக்கெல்லாம் கொடுக்கக் கூடாது. முடிவு இரண்டு ஆண்டுக்குள் வர வேண்டும். மிரட்டல் கூட்டத்துக்கு மருந்து நம் சட்டத்திலேயே இருக்கிறது: காப்புரிமை வாங்கியவர் அதை இந்தியாவில் பயன்படுத்துகிறாரா என்று படிவம் 27இல் அறிக்கை கொடுக்க வேண்டும். மென்பொருளுக்கு மட்டும் அந்தப் படிவத்துக்குப் பல் வைத்துவிடுங்கள். ஓடுகிற பொருள் இல்லாதவர் வழக்குப் போட முடியாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பிறகு 3(கே)யை நீக்குவதைப் பற்றிப் பேசலாம். எதிர்த்து எழுத வருபவர்கள், நண்பர் அந்த டெமோவுக்குப் போகும் முன் என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். "நல்ல நிரல் எழுதியிருக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை அவர் எழுதித்தான் இருந்தார்.