வானவில் அலமாரி

சரி, மூன்று நாளாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கிற அந்தப் போட்டோவைப் பற்றி நானும் சொல்லிவிடுகிறேன். நம்ம பேட்டை லைப்ரரி புதுசாகியிருக்கிறது. புத்தகங்களை நிறம் பார்த்து அடுக்கியிருக்கிறார்கள். சிவப்பில் ஆரம்பித்து ஊதாவில் முடிகிறது. முன்னால் நின்று செல்ஃபி எடுத்தால் பிரமாதமாக வரும், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதே ஒரு தகவல். அதைத்தான் பெயிண்ட் அடித்து மூடியிருக்கிறார்கள்.

இது புரியப் பெரிய படிப்பு வேண்டாம், பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கத் தெரிந்தால் போதும். கல்யாணப் பத்திரிகையா, ஆண்டர்சன் தெரு. மொத்தத் துணியா, குடோன் தெரு. கண்ணாடியும் மணியுமா, தேவராஜ முதலி தெரு. ஒரு கடையில் இல்லையென்றால் பக்கத்துக் கடை. தெருவேதான் அட்டவணை.

அப்பா மண்ணடியில் ஒரு நட்டு போல்ட்டுக் கடையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தார். படித்தது மூன்றாம் கிளாஸ். கடைச் சுவர் முழுக்க மர டிராயர். உள்ளே இருக்கிற சரக்கில் ஒன்றை எடுத்து அந்தந்த டிராயர் முகப்பில் கம்பியால் கட்டியிருப்பார்கள். எழுத்தே கிடையாது. கீழே பெரிசு, மேலே போகப்போகச் சிறிசு. இடதுபக்கம் இரும்பு, வலதுபக்கம் பித்தளை. கரண்ட் போனாலும் அப்பா கை நேராக அரை இஞ்ச் பித்தளைக்குப் போகும். அப்புறம் முதலாளி மகன் வந்து ஸ்டீல் ரேக் போட்டு, எல்லா டப்பாவையும் ஒரே அளவாக்கி நம்பர் ஒட்டினார். அப்பா ராத்திரியில் உட்கார்ந்து நம்பரை மனப்பாடம் செய்து பார்த்தார். "வயசாயிடுச்சுடா, ஞாபகம் நிக்க மாட்டேங்குது" என்று கடைசியில் அவர் வாயாலேயே சொன்னார். பாதி ஞாபகம் அந்தச் சுவரில்தானே இருந்தது!

"இதெல்லாம் போன்ல தேடினா வந்துடுமே அண்ணே" என்று ஏதாவது ஒரு தம்பி கேட்பார். கேட்கத் தெரிந்ததுதான் போனில் வரும் தம்பி. பத்தாவது முடித்த லீவில் ரேடியோ ரிப்பேர் புத்தகம் தேடிப் போனவன் நான். பக்கத்தில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் புத்தகம் இருந்தது. அப்படி ஒன்று இருக்கிறதென்றே அதுவரை தெரியாது. இன்றைக்கு ஏசி சர்வீஸில்தான் சோறு தின்கிறேன்.

அது தற்செயல் இல்லை. எஸ்.ஆர். ரங்கநாதன் என்று ஒருவர் இருந்தார். கணக்கு வாத்தியார், 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். தேடுகிற பொருள் நடுவில், இருபக்கமும் அதன் சொந்தபந்தம், இன்னும் தள்ளிப் போனால் அந்நியம். அலமாரி இப்படி அமைய வேண்டும் என்றார். 1931ல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. இங்கே சர்க்கரை நோய் உணவுக்குப் பக்கத்தில் எலக்ட்ரீஷியன் கைடு. ஏன்? ரெண்டும் பச்சை.

பழைய லைப்ரரியில் எலி ஓடியதே என்பீர்கள். ஓடியது, யார் மறுத்தார்கள்? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா? பசங்க நிறைய வருகிறார்களாம். வரட்டும், சந்தோஷம். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

"வடசென்னைக்கு அழகா ஒண்ணு வந்தா உங்களுக்கே பொறுக்காதே" என்று ஒருவர் சொன்னார் பாருங்கள், அதுதான் சுருக்கென்றது. நான் இங்கேயே பிறந்தவன் சார். பழைய கட்டடத்தில் பேப்பர் மேஜை வாசலை ஒட்டி இருக்கும். நைட் ஷிப்ட் முடிந்த ஹார்பர் ஆட்களும் பெரிசுகளும் அங்கே உட்கார்ந்து சத்தமாக அரசியல் பேசுவார்கள். உள்ளே போகப்போகச் சத்தம் குறையும். கடைசி ஜன்னலோரம் குரூப் ஃபோருக்குப் படிக்கிற பிள்ளைகள். யாரும் "அமைதி காக்கவும்" போர்டு மாட்டவில்லை, கட்டடமே பார்த்துக்கொண்டது. இப்போது வாசலில் பஞ்சு மூட்டை மாதிரி சீட்டு. பேப்பர் மாடியில். முட்டிவலிக்காரர் எவர் ஏறுவார்? எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? எண்ணூர் சாம்பலையும் மணலி நாற்றத்தையும் கேட்காமல்தான் கொடுத்தார்கள். வானவில்லையும் அப்படியே கொடுத்துவிட்டார்கள். நன்றி சொல்லவில்லை என்று கோபம் வேறு.

நேற்று போய் அந்த ஃப்ரிட்ஜ் புத்தகத்தைக் கேட்டேன். மேஜையில் இருந்த பெண் நல்ல மாதிரி. "அட்டை என்ன கலர் சார்?" என்றது. பைண்டிங் பண்ணின புத்தகம்மா, காக்கி அட்டை என்றேன். "அப்போ மாடிப்படிக்குக் கீழே பாருங்க சார்."

பார்த்தேன். பதினோரு சாக்கு மூட்டை. நிறைய கை பட்டுக் கிழிந்து பைண்டிங் ஆனதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. எல்லாம் ஒரே நிறம், வானவில்லில் இடமில்லை. எந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்று தெரிய, வெளியே ஒரு புத்தகத்தையாவது கட்டித் தொங்கவிட்டிருக்கலாம்.