அந்தக் காலத்தில் புற்றுநோயே இல்லையா?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரமும் அந்தச் செய்தி வந்தது. "நம் தாத்தா பாட்டி காலத்தில் புற்றுநோய் என்ற பேரே கிடையாது. எல்லாம் இந்தக் காலத்துச் சாப்பாட்டால் வந்தது." கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள்.

என் அம்மாச்சி வயிற்றில் கட்டியோடு படுத்து, மூன்றே மாதத்தில் குச்சியாகிப் போனவர். ஊரில் அதை 'வயித்துக்கட்டி' என்றார்கள். இறந்ததும் காரணம் 'வயோதிகம்' என்று எழுதிக்கொண்டார்கள். அவருக்கு 58 வயதுதான். பேர் கிடையாது என்பது உண்மைதான். நோய் இருந்தது.

'அந்தக் காலத்தில்' யார் எதனால் இறந்தார்கள் என்று ஆதாரத்தோடு பார்க்க வேண்டுமானால், நல்ல இடம் நூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து. அங்கே 1837லிருந்தே இறப்புப் பதிவு நடந்தது. மருத்துவர் பார்த்த நோயாளி இறந்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்று 1874இல் சட்டமே வந்துவிட்டது. 1894க்குப் பிறகு ஆக்டன், வால்தம்ஸ்டோ, டாட்டன்ஹாம் போன்ற லண்டன் புறநகர்கள் நகர்ப்புற மாவட்டங்களாயின. நம் நகராட்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுகாதார அதிகாரி, வருடத்துக்கு ஓர் அறிக்கை. லண்டனையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 5,500க்கும் மேற்பட்ட அறிக்கைகளை வெல்கம் நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. சில மாதங்களாக என் இரவுகள் அவற்றோடுதான் போகின்றன.

இந்த அறிக்கைகளின் இறப்பு அட்டவணையில் இரண்டு வரிகளை நான் தேடிப் பார்ப்பேன். ஒன்று காசநோய், நம் ஊரில் எலும்புருக்கி என்றது. இளைஞர்களையும் நடுவயதுக்காரர்களையும், சம்பாதிக்கிற வயதில் கொண்டுபோனது. இன்னொன்று புற்றுநோய். பெரும்பாலும் 45ஐத் தாண்டியவர்களைத் தொட்டது. வருடங்கள் போகப் போக முதல் வரி இறங்கும், இரண்டாவது ஏறும். 1920களில் அந்த நாட்டில் புற்றுநோய்ச் சாவுகள் காசநோய்ச் சாவுகளை முந்திவிட்டன. இதை மட்டும் பார்த்தால் வாட்ஸ்அப் செய்தி சரி என்றுகூடத் தோன்றும்.

ஆனால் சிறு வயதில் எலும்புருக்கியில் போகாமல் தப்பியவர்தான் 60 வயதில் புற்றுநோய்க்கு ஆளாக முடியும். புற்றுநோய் நிஜமாகவே கூடுகிறதா என்று பார்க்க, 1893இல் காப்பீட்டுக் கணக்கர் ஜார்ஜ் கிங், சுகாதார அதிகாரி ஆர்தர் நியூஸ்ஹோம் இருவரும் இன்னொரு சோதனையும் செய்தார்கள். ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் உடலின் எந்த இடத்துப் புற்று என்று பிரித்து எழுதி வைத்திருந்தார்கள். கண்ணுக்கும் கைக்கும் எட்டும் மார்பு, நாக்கு போன்ற இடங்களில் பெரிதாக உயர்வு இல்லை. எட்டாத வயிறு, ஈரல் போன்ற இடங்களில்தான் எண்ணிக்கை ஏறியிருந்தது. அப்படியானால் கூடியது நோயைவிட அதைக் கண்டுபிடிக்கும் திறமைதான் என்றார்கள். எனக்கு அம்மாச்சியின் வயிறு ஞாபகம் வந்தது.

அதற்காக எல்லாவற்றையும் 'இப்போது நன்றாகக் கண்டுபிடிக்கிறோம்' என்று தள்ளிவிடவும் முடியாது. இருமல், ரத்தம், இளைப்பு என்று வந்தால் எக்ஸ்ரே பரவாத காலத்தில் அது காசநோய் என்றே எழுதப்பட்டிருக்கும். நுரையீரல் புற்று எத்தனை அந்த வரிக்குள் புதைந்து கிடக்கிறதோ! ஆனால் பின்னால் நுரையீரல் புற்று நிஜமாகவே பெருகியபோதும், கண்டுபிடிப்பு மேம்பட்டதுதான் காரணம் என்று சொன்னவர்கள் உண்டு. 1950இல் டால், ஹில் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அதற்குக் காரணமாகச் சிகரெட்டைக் காட்டினார்கள்.

ஊர்களை ஒப்பிடுவதிலும் ஆபத்து இருக்கிறது. பெரிய ஏழைகள் மருத்துவமனை ஒன்று இருக்கும் ஊரில் அக்கம்பக்கத்து ஊர்ச் சாவெல்லாம் சேர்ந்துவிடும். 1911லிருந்துதான் இறந்தவரின் வசிப்பிடத்துக்குக் கணக்கை மாற்றினார்கள். 50,000 பேர் உள்ள ஊரில் வருடம் 50 புற்றுநோய்ச் சாவு என்றால், ஒரே தெருவில் மூன்று விழுவது தற்செயலாகவே நடக்கும். 'புற்றுநோய் வீடு' என்று ஒரு வீட்டையே சந்தேகிக்கும் பேச்சு அன்றைக்கு மருத்துவர்களிடமே இருந்தது.

என்னை மிகவும் உறுத்துவது வேறு விஷயம். காசநோயை, ஆள் உயிரோடு இருக்கும்போதே எண்ணத் தொடங்கினார்கள். 1909இல் ஏழைகள் நிவாரணச் சட்டத்தின்கீழ் சிகிச்சை பெற்றவர்களை மட்டும் சுகாதார அதிகாரிக்குக் கட்டாயம் தெரிவிக்கச் சொன்னார்கள். முதலில் ஏழையின் பேர்தான் பதிவேட்டில் ஏறியது! 1912இல்தான் நுரையீரல் காசநோய் உள்ள எல்லோருக்கும் அது வந்தது. வேலை போய்விடும், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார் என்று மக்கள் பயந்தார்கள். அதனால் பதிவானவரின் வேலைக்கு அந்த விதியை வைத்துத் தடை போடக் கூடாது என்று விதியிலேயே எழுத வேண்டியிருந்தது. அப்படியும் பல பேர்கள் சாவுக்குச் சில நாள் முன்புதான் வந்து சேர்ந்தன. சில பேர்களை இறப்புப் பதிவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அதிகாரிகள் வருடா வருடம் இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார்கள்.

ஆனாலும் பேர் வந்தால் ஓர் ஆள் அந்த வீட்டுக்குப் போனார். ஜன்னல் திறக்கிறதா, ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று பார்த்தார். புற்றுநோய் தொற்றாது என்பதால் அப்படி யாரும் போகவில்லை. அந்த நோயாளி சாவுச் சான்றிதழில்தான் முதல் தடவை கணக்கில் வந்தார். சாவுக் கணக்கை எத்தனை முறை கூட்டினாலும் 'ஏன்' என்பது அதில் கிடைக்காது. அந்த 'ஏன்' தேடி, 1926இல் ஜேனட் லேன்-கிளேபான் என்ற இங்கிலாந்துப் பெண் மருத்துவர் மார்பகப் புற்று வந்த 500 பெண்களையும் வராத 500 பெண்களையும் பற்றி, கல்யாணம், பிள்ளைப்பேறு, தாய்ப்பால் என்று விவரம் சேகரித்து ஒப்பிட்டுப் பார்த்தார். எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

குழுவில் பதில் எழுதிவிட்டேன். அம்மாச்சியின் பேரைப் போட்டு, வயது 58, வயிற்றில் கட்டி என்று. ராத்திரி பெரியம்மா கூப்பிட்டார்கள். அவர்களுடைய மாமியாருக்கு மார்பில் இருந்ததாம். கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லையாம்.