கொறங்காட்டிலிருந்தும் பாட்டு வரட்டும்

கிறிஸ்தவ பக்திக் கவிதைக்கு வேதவசனம் தெரிந்தால் போதும், பழம்புலவர்களைப் படிக்க வேண்டியதில்லை என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கிறிஸ்தவக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை கம்பனில் ஊறியவர், அதனால்தான் 1894இல் வந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்தின் மூலக்கதை ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனுடையதாக இருந்தும், அந்த விருத்தங்கள் நம் காதுக்கு அந்நியமாகப் படுவதே இல்லை.

அப்புறம் நம்ம ஊரையும் பாருங்கள். காங்கேயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், படலைத் திறந்து ஆடுகளை ஒவ்வொன்றாக உள்ளே விடுவதைப் பார்த்தவர்களுக்கு, யோவான் 10ஆம் அதிகாரத்தில் இயேசு 'நானே வாசல்' என்று சொல்வது சட்டென்று புரியும். இதை விட்டுவிட்டுப் பார்த்தே இராத பனிமலையை எதற்கு எழுத வேண்டும்? எழுத வருகிற தம்பி தங்கைகள் முதலில் கிருஷ்ணபிள்ளையை வாய்விட்டுப் படியுங்கள், சந்தம் தானாக நாக்கில் ஏறும்.