உள்ளங்கையில் உலகமாம்!

திருப்பூரில் நம்ம சங்க விழாவில் ஒரு அண்ணன் மேடையில் பேசிய அந்த வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். நான் இருக்கிற எல்லா குரூப்பிலும் யாராவது ஒருவர் கைதட்டும் பொம்மை சேர்த்துப் போட்டுவிட்டார்கள். அதனால் விழாவில் என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. பேசியவர் பெயரும் வேண்டாம். "நூறு வருசமா உலகம் தெரியாம கிடந்த ஊருங்க இது. கையில போன் வந்துச்சு, உலகமே உள்ளங்கைக்கு வந்துருச்சு. இதுக்கு அப்புறமும் நான் ஜாப் ஒர்க்தான் பண்ணுவேன்னா அது சோம்பேறித்தனம்." இந்த இடம்தான் எனக்கு உறுத்தியது. மண்டபமே கைதட்டுகிறது. தட்டியதில் பாதிப்பேர் ஜாப் ஒர்க், அதாவது அடுத்த கம்பெனி ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற வேலை, பண்ணுகிறவர்கள்! அதுதான் தாங்கவில்லை.

சோம்பேறித்தனத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் போன்.

உலகத்தைத் திருப்பூருக்குக் கொண்டுவந்தது போன் இல்லைங்க. இரும்புப் பெட்டி. அவினாசி ரோட்டில் எத்தனை ஹாரன் அடித்தாலும் வழிவிடாமல் முன்னால் போகிறதே, அதே கண்டெய்னர். 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்கிற அமெரிக்க லாரிக் கம்பெனிக்காரர், ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரைக்கும் மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என்று ஒவ்வொன்றாக ஆள் வைத்து ஏற்ற வேண்டும், ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். கப்பல் கடலில் ஓடிய நாளைவிடத் துறைமுகத்தில் நின்ற நாள் அதிகம் என்று ஆகிவிடுவதும் உண்டு. டன்னுக்கு 5 டாலர் 86 சென்ட் ஆன ஏற்றுகூலி, பெட்டி வந்ததும் 16 சென்ட்டுக்கு இறங்கியது என்று அன்றைக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பெட்டியின் நீள அகலத்தை உலகம் முழுக்க ஒன்றாக்கினார்கள். அப்புறம் எந்த ஊர் லாரியும் சரி, எந்த நாட்டுக் கப்பலும் சரி, அதே பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். 1973இல் கொச்சிக்குக் கண்டெய்னர் கப்பல் வந்தது. எழுபதுகளின் கடைசியில் நம்ம பனியனைத் தேடி இத்தாலிக்காரர்கள் வந்தார்கள். அப்போது இங்கே யார் கையில் போன் இருந்தது?

"பெட்டியெல்லாம் ஒரு டெக்னாலஜியா?" என்று நேற்றே ஒரு தம்பி கேட்டுவிட்டார். ஏன், பளபளப்பாக இருந்தால்தான் டெக்னாலஜியா? தொடுதிரை இருந்தால்தான் ஒத்துக்கொள்வீர்களா? பத்தாயிரம் பனியன் ஐரோப்பா போய்ச் சேருகிற செலவைப் பீசுக்குச் சில ரூபாயாக்கியது எதுவோ அதுதான் டெக்னாலஜி. போனில் பத்தாயிரம் பனியனை அனுப்ப முடிந்தால் சொல்லுங்கள், இந்தப் பதிவை இப்போதே எடுத்துவிடுகிறேன்.

பெட்டிக்கும் முன்னால் போகலாம். நூறு வருடமாக உலகம் தெரியாதாம்! எங்கள் அப்பாரு காலத்தில் கிணற்றில் காளை பூட்டிக் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். காளை பின்னால் நடந்து நடந்து பள்ளமான வாரி எங்கள் காட்டில் நான் சின்னப் பையனாக இருந்தபோதும் தெரியும். 1932இல் நீலகிரியில் பைக்காரா மின்சாரம் வந்தது. அதை நம்பித்தான் முப்பதுகளில் கோயமுத்தூரைச் சுற்றி அத்தனை மில்கள் எழுந்தன. நூல் நூற்கிற கதிர் இங்கிலாந்தில் செய்தது, கரண்ட் நம்ம மலைத் தண்ணீரில் வந்தது, பஞ்சு நம்ம கரிசல் காட்டில் விளைந்தது. 1937இல் ஜி.டி.நாயுடு கோயமுத்தூரிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார். இதெல்லாம் உலகம் தெரியாமல் செய்த வேலையா? இதற்கு மேல் நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் தோண்டிக் கிடைத்த பழங்கால மணிகளையும் ரோமாபுரி வியாபாரத்தையும் இழுத்தால் பழம்பெருமை பேசுகிறான் என்பீர்கள். விட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. பேச்சு நடுவில் அண்ணன் வானத்தைக் காட்டி, "மேலே சுத்துற சாட்டிலைட் வழியா உங்க மெசேஜ் அமெரிக்கா போகுது" என்றார். போகவில்லை. கண்டம் விட்டுக் கண்டம் போகிற தகவலில் ஏறக்குறைய எல்லாமே கடலுக்கு அடியில் கிடக்கிற கேபிளில்தான் போகிறது. அட்லாண்டிக்குக்குக் கீழே முதல் கண்ணாடி இழைக் கேபிளைப் போட்டது 1988இல். பம்பாய்க்கும் லண்டனுக்கும் கடலடித் தந்திக் கம்பி போட்டது 1870இல். மேடை ஏறுவதற்கு முன்னால் கையில் இருக்கிற அந்த உலகத்திலேயே தேடிப் பார்த்திருக்கலாம். அவ்வளவுதான் சொல்வேன்.

எங்கள் சித்தப்பா ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் டெலக்ஸ் ஓட்டினார், தட்டச்சு செய்ததைக் கம்பி வழியாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற மெஷின் அது. லைன் நிமிடக் கணக்கில் காசு. அதனால் செய்தியை முன்கூட்டியே காகித நாடாவில் துளைத்து வைத்துக்கொண்டு, லைன் கிடைத்ததும் சர்ரென்று ஓட்டிவிடுவார். ராத்திரி பதிலுக்குக் காத்திருந்து மெஷினுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வார். ஐரோப்பாவில் சாயங்காலம் ஆபீஸ் மூடும்போது இங்கே ராத்திரி வெகுநேரம் ஆகிவிடுமே. கலர் மாறுகிறதா, அளவு மாறுகிறதா, எல்லாம் அந்தக் காகிதத்தில்தான் வரும். அப்புறம் பேக்ஸ் வந்தது. அந்த வழவழத் தாளில் எழுத்து கொஞ்ச நாளில் மங்கிவிடும் என்று வந்த உடனே ஜெராக்ஸ் எடுத்து வைப்பார்கள். இந்த மனிதரைத்தான் உலகம் தெரியாதவர் என்கிறார்கள். ஆங்கிலம் பேச வராது அவருக்கு. ஆனால் ஷிப்மென்ட் தேதியைத் தள்ளிக் கேட்கிற டெலக்ஸை எப்படி எழுதினால் வெளிநாட்டில் சரக்கு வாங்குகிற பையர் ஒத்துக்கொள்வான் என்று அவருக்குத் தெரியும்.

"இதையும் போனில்தானே எழுதுகிறாய்?" என்பீர்கள். ஆமாம்.

"உலகமயம் வராவிட்டால் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பாய்." ஆடு மேய்ப்பது கேவலம் என்று எப்போது முடிவானது? கறி என்ன விலை விற்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை போய்க் கேளுங்கள். சரி, கோபப்படவில்லை. பணம் வந்தது, மறுக்கவில்லை. சில கோடியில் தொடங்கிய ஏற்றுமதி 2024-25இல் சுமார் 40,000 கோடி ரூபாய். என் பிள்ளைகள் படித்ததே இந்தக் காசில்தான். நான் உலகமயத்துக்கு எதிரி இல்லை. வந்த வழியைச் சரியாகச் சொல்லுங்கள் என்கிறேன். பெட்டியில் வந்தது, கரண்டில் வந்தது, டெலக்ஸ் பக்கத்தில் படுத்துக் கிடந்தவர்கள் தூக்கத்தில் வந்தது.

வந்த வழியை ஏன் இவ்வளவு பிடித்துத் தொங்குகிறான் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் குறுக்கே மாட்டி ஆறு நாள் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் மீம் போட்டுச் சிரித்தோம். கொரோனாவால் ஏற்கனவே பெட்டிக்குத் தட்டுப்பாடு, வாடகை பல மடங்கு ஏறிக்கிடந்தது. வேலம்பாளையத்தில் இருக்கிற என் யூனிட்டில் தைத்துக் கொடுத்த சரக்கு, ஆர்டர் கொடுத்த கம்பெனியில் பேக்கிங் முடிந்து அட்டைப்பெட்டியில் அப்படியே அடுக்கிக் கிடந்தது. கண்டெய்னர் கிடைக்கவில்லை. சீசன் போய்விட்டது என்று பையர் தள்ளுபடி கேட்டான். அந்தக் கம்பெனியிலிருந்து எனக்குப் போன் வந்தது. ஆமாம், போன்தான்! "அண்ணா, பீசுக்கு ரெண்டு ரூபா கழிச்சுக்கலாமுங்ளாண்ணா, எங்களுக்கே கழிச்சுட்டாங்க." தைத்து முடித்துக் கொடுத்த பிறகு. எகிப்தில் கப்பல் மாட்டினால் வேலம்பாளையத்தில் சனிக்கிழமைக் கூலி இடிக்கிறது. பேட்லாக் மெஷினில் தைக்கிற அக்காவுக்கும் ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கும் நான் எந்தக் கால்வாயைக் காட்டிக் கழிப்பது? கழிக்கவில்லை. நகை பேங்குக்குப் போனது.

அந்த வாரம் என் கையிலும் போன் இருந்தது. கப்பல் எங்கே நிற்கிறது என்று அதில் அழகாகப் பார்க்க முடிந்தது.

"விலை குறைத்தது பையர், டெக்னாலஜி என்ன செய்யும்?" இருக்கலாம். விவாதத்துக்கு எனக்கு நேரமில்லை.

ஆனால் பாருங்கள், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது பெட்டி இருந்தது, கேபிள் இருந்தது, ஆளுக்கு இரண்டு போன் இருந்தது. ஆர்டர் நின்றது. 2004 முடிய எந்த நாடு எத்தனை துணி அனுப்பலாம் என்று கோட்டா வைத்திருந்தார்களே, அதுவும் எந்த மெஷினும் வைத்ததில்லை. சாயத் தண்ணீர் நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, கீழே இருந்தவர்கள் காடு பாழானது, 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போது உள்ளங்கை உலகத்திலிருந்து எந்த பையர் வந்து ஆற்றைப் பார்த்தான்? பட்டறைக்காரனும் விவசாயியும் இங்கேயே ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு நின்றோம்.

காலை எட்டரைக்கு மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஷிப்மென்ட் என்றால் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்திருக்கிறவர்களைச் சோம்பேறி என்று சொல்ல மைக் பிடித்தவருக்கு ஒரு துணிச்சல் வேண்டும்தான். அதைப் பாராட்டுகிறேன்.

மண்டப வாடகையும் அண்ணனுக்குக் கொடுத்த தொகையும் நம்ம சந்தாவில் போனது. அடுத்த வருடமும் அவரையே கூப்பிடப் போவதாகக் கேள்வி. நான் சந்தா கட்டப் போவதில்லை. செயலாளர் மாப்பிள்ளை இதைப் படிப்பார் என்று தெரியும். மாப்பிள்ளை, போனில் கூப்பிட வேண்டாம். சனிக்கிழமை கூலி போட்டுவிட்டு நானே ஆபீசுக்கு வருகிறேன், நேரிலேயே பேசிக்கொள்ளலாம்.