எல்லோரும் இடது பக்கம் பார்க்கிறார்கள்

(இடம்: அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பேட்டன் ரூஜ் நகரம். 2020 ஜனவரி கடைசி வாரம். சிறிய புகைப்பட நிலையம் ஒன்றின் சுவர் முழுவதும் ஊதாவும் மஞ்சளுமாகக் கொடிகள். கல்லாவின் ஒரு பக்கம் உள்ளூர்ப் புகைப்படக்காரர். எதிரே, வெர்மான்ட் மாநிலத்திலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளையின் தாயார். நடுவில் கனமான கல்யாண ஆல்பம்.

வாசகருக்கு ஒரு வார்த்தை: இங்கே ஃபுட்பால் என்று வருவதெல்லாம் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். காலுக்கு அதில் வேலை குறைவு. பெயரை மாற்றச் சொல்லி அவர்களிடம் வழக்காடிப் பயனில்லை.)

அம்மாள்: இது கல்யாண ஆல்பமா, கழுத்துச் சுளுக்கு வைத்தியரின் விளம்பரமா? மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் இடது பக்கம் பார்க்கிறார்கள்!

புகைப்படக்காரர்: உட்காருங்கள் அம்மா. இடது பக்கம் சமையலறைக் கதவு.

அம்மாள்: சமையலறையில் என்ன இருந்தது?

புகைப்படக்காரர்: தொலைக்காட்சி.

அம்மாள்: என் மகன் மோதிரம் போடுகிறான். அதைவிடப் பெரிதாகத் தொலைக்காட்சியில் என்ன காட்டினார்கள்?

புகைப்படக்காரர்: 2019 நவம்பர் 9, சனிக்கிழமை, பிற்பகல் 2:30. டஸ்கலூசா நகரில் அலபாமா பல்கலைக்கழகமும் எங்கள் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யூ.வும் ஃபுட்பாலில் மோதின. இரண்டுமே அந்தப் பருவத்தில் அதுவரை ஓர் ஆட்டம்கூடத் தோற்காத அணிகள். நாட்டின் அதிபரே அன்று மைதானத்துக்கு வந்திருந்தார். நீங்களோ அதே நாளில், அதே நிமிடத்தில் கல்யாணம் என்று அழைப்பிதழ் அச்சடித்துவிட்டீர்கள்.

அம்மாள்: எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வெர்மான்ட் பல்கலைக்கழகம் 1974-இலேயே ஃபுட்பால் அணியைக் கலைத்துவிட்டது. நாங்கள் நிம்மதியாக இருக்கிறோம்.

புகைப்படக்காரர்: (மெல்லிய குரலில்) கேட்கவே வயிற்றைக் கலக்குகிறது.

அம்மாள்: அந்தத் தேதிக்கு மண்டபத்தை அரை வாடகைக்குத் தந்தார்கள். வாடகைச் சீட்டில் கையெழுத்துப் போடும்போது மண்டபத்துக்காரருக்குக் கண் கலங்கியது. எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

புகைப்படக்காரர்: அவர் உங்கள் சம்பந்தி வீட்டாரை நினைத்துக் கலங்கியிருப்பார். அம்மா, அதற்கு முந்திய சனிக்கிழமை, நவம்பர் 2, எங்கள் அணிக்கு ஆட்டமே இல்லை. இந்த ஊரில் விவரம் தெரிந்தவர்கள் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றையும் அப்படிப்பட்ட நாளில்தான் வைப்பார்கள்.

அம்மாள்: நவம்பர் 2-க்கு முழு வாடகை கேட்டார்கள்.

புகைப்படக்காரர்: கேட்கத்தான் செய்வார்கள்.

அம்மாள்: சரி, இவ்வளவு பேசுகிற நீங்கள் ஏன் முன்பணம் வாங்கினீர்கள்?

புகைப்படக்காரர்: தோற்றுவிடுவோம் என்ற நம்பிக்கையில்தான். 2011-க்குப் பிறகு அலபாமாவோடு எட்டு முறை மோதி எட்டு முறையும் தோற்றிருந்தோம். 2018-இல் எங்கள் சொந்த மைதானத்தில், ஒரு லட்சம் பேருக்கு முன்னால், 29-0. ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இன்னொரு முறை அதை உட்கார்ந்து பார்ப்பதற்குப் பதில் யார் கல்யாணத்திலாவது வேலை செய்தால் நாலு காசு கிடைக்குமே என்று ஒப்புக்கொண்டேன். வசந்த காலத்தில் ஒப்புக்கொண்டது. ஜோ பரோ இப்படி ஆடுவார் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அம்மாள்: யார் அவர்? மாப்பிள்ளைத் தோழனா?

புகைப்படக்காரர்: (கொடியைத் தொட்டுக்கொண்டு) எங்கள் குவார்ட்டர்பேக், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். ஒஹாயோ பையன். அங்குள்ள பல்கலைக்கழக அணியில் வாய்ப்புக் கிடைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு எங்களிடம் வந்தவர். டச் டவுன் பாஸ் என்றால், எங்கள் ஆள் பிடித்து எதிரணியின் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கிற எறிதல். 2018-இல் அவர் எறிந்தது 16. அடுத்த ஆண்டு 60! முதல்தரப் பல்கலைக்கழக ஃபுட்பாலில் ஒரே பருவத்தில் அதுவரை யாரும் அத்தனை எறிந்ததில்லை.

அம்மாள்: ஒரே வருடத்தில் எப்படி? ஏதாவது லேகியம் சாப்பிட்டாரா?

புகைப்படக்காரர்: நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து ஜோ பிரேடி என்று ஓர் இளைஞரைக் கொண்டுவந்தார்கள். அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்கு முன் எங்கள் ஆட்டம் என்றால் பந்தை வயிற்றோடு கட்டிக்கொண்டு கூட்டத்தில் முட்டுவதுதான். முட்டி முட்டி மூன்று அடி நகர்வோம். பிரேடி வந்து, மைதானத்தை அகலமாக விரித்து, ஓடிப் பிடிக்கிறவர்களைப் பக்கத்துக்கு இரண்டு மூன்று பேராக நிறுத்தி, பந்தை எறியுங்கள் என்றார். தலைமைப் பயிற்சியாளர் எட் ஓர்ஜெரான் சரி என்றார். அவர் எங்கள் தெற்கு லூசியானா சதுப்பு நிலத்துக்காரர். அவர் ‘காலை வணக்கம்’ சொன்னாலே சரளைக்கல் ஏற்றிய லாரி பின்பக்கம் வருகிறது என்று ஒதுங்கி நிற்பார்கள்.

அம்மாள்: கதை போதும். ஆல்பத்துக்கு வாருங்கள். இதோ, மணமகள் உள்ளே வரும் படம். நல்லவேளை, எல்லோரும் மரியாதையாக எழுந்து நிற்கிறார்கள். இந்த ஒன்றாவது எனக்குப் பிடித்திருக்கிறது.

புகைப்படக்காரர்: பாதிப் பேர் மணமகளுக்காகத்தான் எழுந்தார்கள், அம்மா.

அம்மாள்: மீதிப் பேர்?

புகைப்படக்காரர்: அலபாமா முதல் முயற்சியிலேயே எங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவர்களுடைய குவார்ட்டர்பேக் டுவா டகோவைலோவா தாமே பந்தோடு ஓடினார். யாரும் தொடவில்லை. பந்து தானாகக் கையிலிருந்து நழுவியது. எங்கள் ஆள் விழுந்து அமுக்கிவிட்டார். அந்த நொடியில் மணமகள் உள்ளே வந்தாள். ராசியான பெண் என்று மண்டபமே பேசிக்கொண்டது.

அம்மாள்: அதனால்தான் என் மருமகளை அவ்வளவு பேர் கட்டிப்பிடித்தார்களா! சரி, இது போதகர் ஆசி வழங்கும் படம். எல்லோர் முகமும் இழவு வீடு போல இருக்கிறது. இந்தக் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று எழுதி வைத்திருக்கிறீர்களே?

புகைப்படக்காரர்: ஜேலன் வாடில் என்ற அலபாமாக்காரர், நாங்கள் உதைத்து அனுப்பிய பந்தைப் பிடித்து 77 கெஜம் ஓடி டச் டவுன் அடித்துவிட்டார். போதகர் அப்போதுதான் ‘இன்பத்திலும் துன்பத்திலும்’ என்றார். இவ்வளவு பொருத்தமாக அவர் அதற்கு முன் சொல்லியிருக்கமாட்டார்.

அம்மாள்: போதகருக்கு எப்படித் தெரியும்? அவர் கதவுக்கு முதுகு காட்டித்தானே நின்றார்?

புகைப்படக்காரர்: படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வலது காது.

(அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறார். காதிலிருந்து மெல்லிய கறுப்புக் கம்பி ஒன்று அங்கிக்குள் இறங்குகிறது.)

அம்மாள்: கடவுளே!

புகைப்படக்காரர்: அவரும் அங்கேதான் முறையிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த பக்கம் திருப்புங்கள். கேக் வெட்டுகிற படம். இதற்கு ஈடான படத்தை இந்த மாநிலத்தில் யாரும் எடுத்ததில்லை.

அம்மாள்: கேக் எங்கே?

புகைப்படக்காரர்: அந்தரத்தில் இருக்கிறது.

அம்மாள்: அதைத்தான் கேட்கிறேன். ஏன் அந்தரத்தில் இருக்கிறது?

புகைப்படக்காரர்: முதல் பாதி முடிய அரை நிமிடம்கூட இல்லை. கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர், எங்கள் பேட்டன் ரூஜ் பையன், ஐந்தடி எட்டு அங்குலம்தான், ஒரு டச் டவுன் அடித்தார். சரி, இடைவேளை வரப்போகிறது, கேக்கை வெட்டலாம் என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். உடனே டுவா எறிந்த பந்தை எங்கள் பேட்ரிக் குவீன் குறுக்கே புகுந்து பிடித்தார். பரோ எறிய, அதே எட்வர்ட்ஸ்-ஹெலேர் மறுபடியும்! 33-13! கேக்கைத் தாங்கிப் பிடித்திருந்தவர் பெண்ணின் தாய்மாமன். அவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

அம்மாள்: முடியும். மூன்றடுக்குக் கேக்.

புகைப்படக்காரர்: எட்டு வருடத்துத் தோல்வி, அம்மா.

அம்மாள்: நான் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன். முகம் திரும்பிய படங்கள், வாய் பிளந்த படங்கள், கேக் பறக்கும் படம். எல்லாவற்றுக்கும் கழித்தால் பாதிப் பணம்தான் தரமுடியும். போதாததற்குத் தாமதம் வேறு. கிறிஸ்துமஸுக்கு முன் தருவதாகச் சொன்னீர்கள்.

புகைப்படக்காரர்: டிசம்பர் 7-ஆம் தேதி அட்லாண்டாவில் ஜார்ஜியாவை 37-10 என்று வென்று, எங்கள் தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களுக்கான எஸ்.இ.சி. கோப்பையை எடுத்தோம். 14-ஆம் தேதி பரோவுக்கு ஹெய்ஸ்மன் விருது, அந்த ஆண்டின் சிறந்த பல்கலைக்கழக ஆட்டக்காரருக்குத் தருவது. 1959-இல் பில்லி கேனனுக்குப் பிறகு எங்கள் பல்கலைக்கழகத்துக்கு அது கிடைத்ததேயில்லை. மேடையில் தம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பசியோடு வீடு திரும்புவதைச் சொல்லி அழுதார். அதைக் கேட்டு ஜனங்கள் அனுப்பியது ஐந்து லட்சம் டாலரைத் தாண்டியது. நானும் அனுப்பினேன். உங்கள் முன்பணத்திலிருந்துதான்.

அம்மாள்: அது நல்ல காரியம். கழிக்கமாட்டேன். மேலே சொல்லுங்கள்.

புகைப்படக்காரர்: 28-ஆம் தேதி ஓக்லஹோமாவோடு தேசியப் பட்டத்துக்கான அரையிறுதி. 63-28. முதல் பாதியில் மட்டும் ஏழு டச் டவுன் பாஸ்!

அம்மாள்: இவற்றில் எந்த ஆட்டத்தில் நீங்கள் ஆடினீர்கள்?

புகைப்படக்காரர்: எதிலும் ஆடவில்லை. ஆனால் களைப்பு எல்லோருக்கும் பொதுதானே? ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸில் இறுதி ஆட்டம். பல்கலைக்கழகமே இரண்டு நாள் வகுப்புகளை ரத்து செய்துவிட்டது. அணு இயற்பியல் நிற்கலாம், ஆல்பம் நிற்கக்கூடாதா?

அம்மாள்: அதில் யார் ஜெயித்தார்கள்?

புகைப்படக்காரர்: டைகர்ஸ்.

அம்மாள்: தோற்றவர்கள்?

புகைப்படக்காரர்: டைகர்ஸ். கிளெம்சன் அணிக்கும் அதே பெயர். அவர்கள் மைதானத்துக்கும் மரணப் பள்ளத்தாக்கு என்றுதான் பட்டப்பெயர், எங்களுக்கும் அதேதான். ஆனால் உயிருள்ள புலி எங்களிடம்தான் இருக்கிறது. பெயர் மைக், ஏழாவது மைக். மைதானத்துக்கு எதிரே தனி வீடு, குளம், வைத்தியம் பார்க்கக் கால்நடை மருத்துவ மாணவர்கள். அது மட்டும்தான் இந்த ஊரில் பதற்றமில்லாமல் தூங்கியது. எதிரணி 29 ஆட்டங்களாகத் தோற்காதது. 17-7 என்று முன்னால் போய்விட்டார்கள். என் மனைவி ஜெபமாலையை எடுத்துவிட்டாள். கடைசியில் 42-25. பதினைந்து ஆட்டம், பதினைந்து வெற்றி, மொத்தம் 726 புள்ளி! முடிந்த கையோடு ஒடெல் பெக்கம் ஜூனியர், எங்கள் பழைய ஆட்டக்காரர், மைதானத்துக்குள் வந்து பையன்களுக்கு ரூபாய் நோட்டு... டாலர் நோட்டு கொடுத்தார். விளையாட்டு நோட்டு என்று முதலில் சொன்னார்கள். அசல் நோட்டுதான் என்று பிறகு பரோவே சொல்லிவிட்டார்.

அம்மாள்: ஜனவரி 14-ஆம் தேதியாவது வேலையைத் தொடங்கியிருக்கலாமே?

புகைப்படக்காரர்: 18-ஆம் தேதி வெற்றி ஊர்வலம்.

அம்மாள்: 19?

புகைப்படக்காரர்: தூங்கினேன்.

அம்மாள்: (பக்கங்களைப் புரட்டுகிறார். கை சட்டென்று நிற்கிறது.) இதென்ன? நடனப் படத்தில் நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்துகிறேன்!

புகைப்படக்காரர்: மாலை ஆறு மணி இருக்கும். 46-34 என்று நாங்கள் நிம்மதியாக இருந்தபோது அலபாமாவின் டிவான்டா ஸ்மித் 85 கெஜம் போய் 46-41 ஆக்கிவிட்டார். இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. அலபாமா பந்தைத் தரையோடு குட்டியாக உதைத்துத் தானே எடுத்துக்கொள்ளப் பார்த்தது. இசைக்குழு வாசிப்பதை நிறுத்திவிட்டது. எங்கள் ஜஸ்டின் ஜெஃபர்சன் பாய்ந்து பந்தை எடுத்தார். மண்டபம் அதிர்ந்தது. நீங்களும் கத்தினீர்கள்.

அம்மாள்: என் காலை யாரோ மிதித்தார்கள். அதனால்தான் கத்தினேன்.

புகைப்படக்காரர்: ‘டைகர்ஸ்’ என்று கத்தினீர்கள், அம்மா.

அம்மாள்: (தொண்டையைச் செருமிக்கொண்டு) கூட்டத்தோடு இருந்தால் சில சொற்கள் வாயில் வந்துவிடும். அதை விடுங்கள். இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை என் கணவர் ஒரு படத்தில்கூட இல்லை! மாப்பிள்ளையின் அப்பா! வயிற்று வலி, காற்றாட நிற்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றரை மணி நேரமா ஒரு மனிதர் காற்றாட நிற்பார்?

புகைப்படக்காரர்: (கல்லாவைத் துடைக்கத் தொடங்குகிறார்.) அவருக்கு வயிறு இப்போது எப்படி இருக்கிறது?

அம்மாள்: பேச்சை மாற்றாதீர்கள். நீங்கள் அவரைப் படம் எடுக்கவேயில்லையா?

புகைப்படக்காரர்: எடுத்தேன்.

அம்மாள்: எங்கே எடுத்தீர்கள்?

புகைப்படக்காரர்: சமையலறையில்.

அம்மாள்: யாரோடு இருந்தார்?

புகைப்படக்காரர்: சமையல்காரரோடு. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் தலையில் ஊதா நிறத் தொப்பி. கையில் கம்போ குழம்புக் கரண்டி. அருமையான படம், அம்மா. கண்ணும் மூடவில்லை, கழுத்தும் திரும்பவில்லை, நேராகத் தொலைக்காட்சியைப் பார்க்கிறார்.

அம்மாள்: அது ஏன் ஆல்பத்தில் இல்லை?

புகைப்படக்காரர்: அது ஆல்பத்தில் வராமல் இருக்க அவர் அன்றே எனக்கு இருபத்தைந்து டாலர் கொடுத்துவிட்டார்.

(நீண்ட மௌனம். அம்மாள் கைப்பையைத் திறந்து நோட்டுகளை எண்ணுகிறார்.)

அம்மாள்: இந்தாருங்கள், முப்பது. அசல் நோட்டு. பெரிய அளவில் அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுங்கள். எங்கள் வீட்டு வரவேற்பறையில் மாட்டவேண்டும்.

புகைப்படக்காரர்: ஆல்பத்துக்குப் பாதிப் பணம் என்றீர்களே?

அம்மாள்: முழுப் பணமும் அவர் தருவார்.