டிரைவர்தான் போச்சு, வேலை போகல

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் நடந்ததை இங்கே பாதிப் பேர் நேரிலேயே பார்த்தீங்க. "இப்பதான் பிரிண்டருக்கு டிரைவரே வேண்டாமே, அப்புறம் ஐடிக்கு எதுக்கு மூணு பேர்?" அந்த ஒரு வரி ரெண்டு நாளா மண்டைக்குள்ளயே நிக்குது.

டிரைவர்னா, கம்ப்யூட்டரும் பிரிண்டரும் பேசிக்க நாங்க போட்டுக்கொடுத்த சாஃப்ட்வேர். அந்த டிரைவர்தான் போச்சு. வேலை போகல, இடம் மாறியிருக்கு.

புதுசைக் கண்டு பயப்படுறேன்னு யாரும் சொல்லிட வேண்டாம். 32 பிட் விண்டோஸுக்கு ஒண்ணு, 64 பிட் விண்டோஸுக்கு ஒண்ணுன்னு டிரைவர் சிடியைத் தூக்கிட்டு மாடி மாடியா ஏறினவன் நான். 2021-ல் விண்டோஸ் பிரிண்ட் சர்வீஸில் பிரிண்ட்நைட்மேர்ங்கிற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்த பிறகு, டிரைவர் போடவே அட்மின் பாஸ்வேர்ட் கேட்க ஆரம்பிச்சுது. ஒவ்வொரு டேபிளா போய் நின்னு அடிச்சோம். டிரைவர் ஒழிஞ்சதில் எங்களைவிட யாருக்கு சந்தோஷம்?

"எங்க வீட்ல பாப்பாவே போன்ல இருந்து பிரிண்ட் எடுக்குறா"ன்னு ஒருத்தர் சொன்னார். எடுப்பா. வீட்ல ஒரே ரவுட்டர், ஒரே பிரிண்டர். போன் "இங்கே பிரிண்டர் இருக்கா"ன்னு குரல் கொடுக்கும், அது பதில் சொல்லும். அந்தக் குரல் ஒரு சப்நெட்டை, அதாவது நெட்வொர்க்கோட ஒரு தனிப் பகுதியைத் தாண்டாது சார். ஆபீஸ்ல கெஸ்ட் வைஃபை தனி, அக்கவுண்ட்ஸ் தனி வீலேன், அதாவது தனியாப் பிரிச்ச நெட்வொர்க். எந்தப் பிரிண்டர் யார் கண்ணில் படணும்னு அந்தக் குரலை ஒரு நெட்வொர்க்ல இருந்து இன்னொண்ணுக்குக் கடத்துற எம்டிஎன்எஸ் கேட்வேயில் உட்கார்ந்து வழி விட்டது யார்? பிரிண்ட் போற வழியான 631-ம் போர்ட்டை எங்கே திறக்கணும், எங்கே மூடணும்னு பார்த்தது யார்?

எல்லாத்தையும் திறந்துவிட்டா என்ன ஆகும்னு பார்த்தாச்சு. லிஸ்ட்ல ஒரே மாடல் பேரில் ரெண்டு பிரிண்டர். எச்ஆர் அக்கா ஒண்ணைத் தொட்டாங்க, சம்பளக் கடிதம் மொத்தமும் ரிசப்ஷன்ல வந்து விழுந்தது. அன்னிக்கு அவங்க அழுததை நான் மறக்கல. அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு பிரிண்டருக்கும் மாடியும் அறையும் வெச்சுப் பேர் போட்டு, பின் நம்பர் அடிச்சாத்தான் பேப்பர் வரும்படி மாத்தினோம். மாத்தினது நானில்லை, எங்க டீம்ல இருக்கிற தம்பி. மூணு ராத்திரி வீட்டுக்குப் போகல.

சின்ன ஆபீஸுக்கு இதெல்லாம் வேண்டாம்தான். நாம சின்ன ஆபீஸ் இல்லை.

பிரிண்ட் வராம நின்ன காலத்துல எல்லாருக்கும் எங்க பேர் தெரியும். இப்போ தட்டினா வருது, எங்களை யாருக்கும் தெரியல. ஒழுங்கா செஞ்சதுக்கா ஆள் குறைப்பு? அந்தத் தம்பிக்குப் போன மாசம்தான் பொண்ணு பிறந்திருக்கு. ஆள் குறைப்பு லிஸ்ட்ல முதல் பேர் அவனோடது.

திங்கட்கிழமை காலையில மேலே போய்க் கேட்கப் போறேன். அன்னிக்கு மீட்டிங்ல தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தவங்க யாராவது கூட வர்றீங்களா?